கரிப்பாலத்தில் செத்தவன் பெயர்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் நூலகத்தில் கவுன்சில்காரர் நிறுத்தி வைத்திருந்த பெரிய காட்சி மட்டையில், 1988ஆம் ஆண்டு பெப்ரவரி பதினொன்றாம் திகதி நான் செத்துப்போனதாக எழுதியிருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். எழுத்து மாறவில்லை. "1988: பாலத்தில் நடந்துகொண்டிருந்த ஆனந்தராஜா என்ற இலங்கைத் தொழிலாளி, வயது 25, சரக்கு ரயில் மோதி இறந்தார்." இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். ஆனந்தராஜா நான்தான். எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. நீரிழிவு இருக்கிறது. அன்று காலை இரண்டு இடியப்பம் கூடுதலாக எடுத்ததற்குப் பெண்சாதியிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருந்தேன்.

மட்டையின் மற்ற வரிகளில் எனக்குச் சண்டை இல்லை. ரோடிங் ஆற்றின் மேல் 1886இல் கட்டிய பாலமாம். இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியடித்து நிறுத்தியிருக்கிறார்கள். மின்நிலையத்துக்குக் கரி போன பாதை. அதனால் ஊர்ச்சனம் கரிப்பாலம் என்றது, நாங்களும் அப்படியே சொன்னோம். 1940இல் குண்டு விழுந்து ஒரு பக்கம் வளைந்ததாம், பதினொரு நாளில் நிமிர்த்திவிட்டார்களாம். 1957இல் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆள் நடக்கப் பலகை போட்டார்களாம். 1996இல் கடைசி ரயில். இப்போது இரண்டு கரையிலும் மாடி வீடுகள் வந்துவிட்டன, பாலம் துருப்பிடித்துப் போய்விட்டது, கழற்றப் போகிறார்கள். ஒரேயொரு சட்டத்தை மட்டும் கரையில் நட்டு, பக்கத்தில் இந்தச் சரித்திரத்தை உலோகப் பலகையில் வெட்டி வைக்கப்போகிறார்களாம்.

நூற்று நாற்பது வருடச் சரித்திரம். கட்டினவன், திறந்து வைத்தவன் எல்லாம் பெரிய பெரிய துரைமார். சாதாரண மனிதனின் பெயர் ஒன்றே ஒன்றுதான் அதில் இருந்தது, அதுவும் பிழை.

"சார், நீங்க இந்த ஏரியாவா? பாலத்தப் பத்தி ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. நாற்பது வயது மதிக்கலாம். பாஸ்கரன் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. திருநெல்வேலிப் பக்கம், பாலம் கழற்றுகிற வேலைக்குப் பொறியியலாளர். பழைய கதைகளைத் திரட்டுவதும் அவர் பொறுப்புத்தானாம்.

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி" என்றேன்.

"பரவால்ல சார். வந்ததுக்கு இதுல பேர மட்டும் எழுதிடுங்க."

எழுதினேன். ரதீசன் என்று எழுதினேன். முப்பத்தேழு வருடமாக அதைத்தான் எழுதி வருகிறேன்.

இந்தக் கோதாரி எப்படித் தொடங்கியது என்று சொல்வதானால் ஈஸ்ட்ஹாம் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு அறை, ஏழு பேர், எல்லோரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தவர்கள். மூத்தவர் இராஜேந்திரன் அண்ணை. அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். ஏழு பேரில் வேலை செய்ய அனுமதி கிடைத்தவர்கள் மூன்று பேர். மற்ற நாலு பேரும் அந்த மூன்று பேரின் பெயரில் வேலைக்குப் போவார்கள். காட் குடுக்கிறது என்று அதைச் சொல்லுவோம், காட் என்றால் வேலை அட்டை. அந்த அட்டையில் படம் கிடையாது, பெயரும் ஓர் இலக்கமும்தான். யாராவது இது பிழையல்லவா என்று கேட்டால், ஓம், பிழைதான். பசித்த வயிற்றோடு ஐந்து மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துபார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

என் அட்டையில் என்னோடு மாறி மாறி வேலைக்குப் போனவன் ரதீசன். அளவெட்டிப் பெடியன், இருபத்திரண்டு வயது, தகப்பன் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறைச்சி வைக்கிற குளிர்க் களஞ்சியத்தில் வேலை. ஒரு நாள் நான், மறுநாள் அவன்; மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரப் போர்மனுக்கு எங்கள் முகங்களில் வித்தியாசம் தெரியாது. அங்கே ஆனந்தா என்று கூப்பிட்டால் முதல் கிழமை அவன் திரும்பியே பார்க்கவில்லையாம். போர்மன் இவனுக்குக் காது கேளாது என்று நினைத்துக் காதுக்குள் கத்தத் தொடங்கிவிட்டானாம். அதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததால் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளுவான்.

தாயின் கடிதம் வந்தால் எங்கள் எல்லோருக்கும் உரத்து வாசிப்பான். எந்தக் கடிதத்திலும் ஒரு வரி தப்பாது. 'அங்கை சரியான குளிராம். கைகாலுக்குப் போட ஏதும் வைச்சிருக்கிறியே அப்பன்?' நாங்கள் பகிடி பண்ணுவோம். பகல் முழுக்க ஐஸ் அறைக்குள் நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!

களஞ்சியத்துக்குப் பஸ்ஸில் சுற்றிப் போனால் ஒரு மணித்தியாலம். கரிப்பாலத்தால் நடந்தால் இருபது நிமிடம். நடக்கக்கூடாது என்று அறிவித்தல் இருந்தது, அதை ஆர் பார்த்தது! பலகைப் பாதை நடுவில் உக்கி விழுந்திருந்ததால், அந்த இடத்தில் ஒரு முப்பது அடி தண்டவாளத்தில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ரயிலுக்குச் சரியான நேரம் கிடையாது. ஆனால் ரயில் வளைவுக்கு அப்பால் வரும்போதே பாலத்து இரும்பு இரையத் தொடங்கிவிடும். காதுக்குக் கேட்காது, உள்ளங்கைக்குத் தெரியும். ரதீசனுக்கு அதைப் பழக்கிவிட்டவன் நான். "வெறுங்கையை இரும்பிலை வை. இரைஞ்சால் நில். இரையாட்டி ஓடு." அவன் கோயில் படியைத் தொடுகிறமாதிரித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பாலத்தில் ஏறுவான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. என்னுடைய முறை. முதல்நாள் யாரோ ஒரு வீடியோ டெக்கும் நாலு கசெற்றும் கொண்டுவந்திருந்தார்கள், பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு மூன்றாவது படத்தைப் போட்டுவிட்டு, "எனக்குக் காய்ச்சலடா, இண்டைக்கு நீ போ" என்றேன். பொய். அவனுக்கும் தெரியும். வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எழும்பிப் போய் என் புதுக் கையுறையை எடுத்துக் கொடுத்தேன். தடிப்பான தோல், உள்ளுக்குக் கம்பளி.

"போடு. கழட்டிப்போடாதை, கை விறைச்சுப் போகும்" என்றேன்.

அவனுக்கு நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நாலு மணிக்குப் பொலிஸ் வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஆனந்தராஜா இந்த வீட்டு ஆளா என்று கேட்டார்கள். அவன் சட்டைப்பையில் என் காட் இருந்திருக்கிறது. நான் படிக்கட்டில் நின்றேன். இராஜேந்திரன் அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு விநாடி இருந்திருக்கும். காட் குடுத்த கதை வெளியே வந்தால் ஏழு பேரின் விண்ணப்பமும் குப்பைக் கூடைக்குள். ஏழு பேரையும் பிளேனில் ஏற்றுவார்கள், இறங்கின இடத்தில் என்ன நடக்கும் என்று அந்த நாளில் எல்லோருக்கும் தெரியும். அண்ணை பொலிஸ்காரனிடம், "யெஸ். அவன் எங்கடை பெடியன்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, உன் பெயர் என்ன என்று கேட்டாள்.

"ரதீசன்" என்றேன்.

உடலை அடையாளம் காட்டப் போனோம். முகத்தில் பெரிய காயம் இல்லை. கையுறை இரண்டும் கையில் இருந்தன. கழற்றவில்லை, நான் சொன்னபடியே செய்திருக்கிறான். அந்தக் கையால் இரும்பைத் தொட்டிருப்பான், கண்ணிலும் ஒற்றியிருப்பான், ஆனால் அந்தத் தடிப்புக்குள்ளால் இரைச்சல் எப்படித் தெரியும்? இதை நான் அண்ணைக்கும் சொல்லவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை.

தகனத்தன்று பெட்டிக்கு மேலே என் பெயர் ஒட்டியிருந்தது. ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டபோது அண்ணை அவர் காதுக்குள் குனிந்து உண்மைப் பெயரைச் சொன்னார். அந்த மந்திரத்துக்குள் ஒரு தடவை ரதீசன் என்று கேட்டது. எரியூட்டுகிற பொத்தானை அமத்தினவன் நான். சாம்பலைக் கரிப்பாலத்துக்குக் கீழே, கடல்நீர் வடிந்து ஆறு வற்றுகிற நேரம் பார்த்துக் கரைத்தோம்.

என் அம்மாவுக்கு நான் உயிரோடு இருக்கிற செய்தி ஆள்மூலம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவ கடித உறையில் ரதீசன் என்று விலாசம் எழுதி, உள்ளே என்ரை ஆனந்தன் என்று தொடங்குவா. அளவெட்டிக்கு யார் சொன்னது? "நான் எழுதிப்போட்டன், நீ உதுக்குள்ளை தலை போடாதை" என்றார் இராஜேந்திரன் அண்ணை. நான் தலை போடவில்லை.

அதற்குப் பிறகு அவனுடைய விண்ணப்பம் என்னுடையது ஆனது. அவனுடைய பாஸ்போட், அவனுடைய பிறந்த திகதி. பஸ் ஓட்டினேன், பியற்றிசைக் கட்டினேன். அவள் பாசையூர்க்காரி, கத்தோலிக்க வேதக்காரி, கலியாணத்துக்கு முதலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையுறையைத் தவிர. "செத்தவனோடை குடும்பம் நடத்தப் போறன், மாதாவே" என்று தலையில் கைவைத்தாள், பிறகு சம்மதித்தாள். எங்கள் ஆட்களில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்வதில்லை, இஞ்சேருங்கோ என்றால் போதும். ஆகையால் வீட்டுக்குள் எனக்குப் பெயர் தேவைப்படவே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தானே கடைசிப் பெயர். கிருஷாந் ரதீசன், ஜதுர்ஷிகா ரதீசன். காணாத ஒருவனின் பெயரை இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் கொண்டு திரிந்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் ரதீசனின் பிறந்தநாளுக்கு எனக்குக் கேக் வெட்டினார்கள்.

2009இல் இராஜேந்திரன் அண்ணை ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் கையைப் பிடித்து, "டேய், அளவெட்டிக்கு நான் எழுதேல்லையடா. என்னாலை ஏலாமல் போச்சு" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார். அது ஊரில் சண்டை முடிந்த வருடம். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் எங்கே என்று எவருக்கும் தெரியாத நேரம், இப்போது எங்கே போய்த் தேடுகிறது என்று எனக்கு நானே சொன்னேன். தப்பிக்க நல்ல சாட்டு. அதைப் பதினாறு வருடம் வைத்திருந்தேன்.

போன மே மாதம் பிள்ளைகள் அறுபதாவது பிறந்தநாள் என்று இல்ஃபோர்டில் மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். எனக்கு அறுபது இரண்டு வருடத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது, வாயைத் திறக்கவா ஏலும்? மகள் படங்களைப் பேஸ்புக்கில் போட்டாள். ரதீசன் அறுபது, அளவெட்டி, லண்டன் என்று திகதியோடு போட்டாள்.

நூலகத்துக்குப் போய்வந்து மூன்றாவது கிழமை, சனிக்கிழமை காலை, நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. பியற்றிஸ் கதவைத் திறந்தாள். ஒரு பெண்குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, "ரதீசன்ரை வீடுதானே? நான் அவரின்ரை தங்கச்சி, கலாவதி. மிச்சம் எண்ட இடத்திலை மகள் வீட்டை வந்து நிக்கிறன்" என்றது.

 கத்தியோடேயே வாசல் நடைக்கு வந்தேன். ஐம்பத்து நாலு வயதிருக்கும். இரண்டு பஸ், இரண்டு ரயில் மாறி வந்த களைப்பு, தோளில் ஒரு பெரிய பை. என்னை மேலும் கீழும் பார்த்தா. பின்னால் யாரும் வருகிறார்களா என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"ரதீசன் இல்லையே?"

"நான்தான்" என்றேன்.

ஐயோ, அந்த வாயை என்ன செய்ய! முப்பத்தேழு வருடம் வங்கியிலும் டொக்டரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். நான் நினைப்பதற்கு முதலே வந்துவிட்டது. அவனோடு கூடப்பிறந்தவளின் முகத்தைப் பார்த்து நான்தான் ரதீசன் என்று சொன்னேன். அந்த மனுசி நம்பப் பார்த்தா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வாயைப் பார்த்தா, மூக்கைப் பார்த்தா. "சின்னண்ணைக்கு முன்பல்லு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா.

பியற்றிஸ்தான் அவவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினாள். நான் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். காட், என் பொய்க் காய்ச்சல், பாலம், பொலிஸ், இராஜேந்திரன் அண்ணை, எல்லாவற்றையும். கையுறையை மட்டும் திரும்பவும் விழுங்கிவிட்டேன்.

கலாவதி அழவில்லை. தேத்தண்ணியைத் தொடாமல் தள்ளி வைத்தா.

"பேஸ்புக்குப் படத்திலை மூக்கு வேறை மாதிரி இருந்தது" என்றா. "வயசு போனால் மாறுந்தானே எண்டு நினைச்சன். பிறந்த திகதி சரி, ஊர் சரி. இஞ்சை தெரிஞ்ச ஆக்களிட்டை விசாரிச்சு விலாசம் எடுத்தன். மகள் வேண்டாம் எண்டவள், எங்களை மறந்த மனுசனிட்டை ஏன் போறாய் எண்டு கேட்டவள். ஏசிப்போட்டு வாறன் எண்டு வந்தனான். ஒரு காகிதம் போட்டியோ, அம்மா செத்ததுக்கு ஒரு போன் எடுத்தியோ எண்டு கேக்க வந்தனான்."

"அம்மா எப்ப..."

"இரண்டாயிரத்துப் பதினாலிலை. எங்களுக்கு ஒருத்தரும் எழுதேல்லை எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் பழகின வாய்தானே. "ஒன்பதிலை" என்றேன்.

அவ கணக்குப் பார்த்தா. முகத்தில் அது தெரிந்தது. ஐந்து வருடம்.

"அவன் வெள்ளைக்காரியைக் கட்டிப்போட்டு எங்களை விட்டிட்டான் எண்டு ஊர் முழுக்கக் கதைச்சது, அண்ணை. நானும் அப்பிடித்தான் நினைச்சன். அம்மா மட்டும் ஏசமாட்டா. சாகிற கிழமையும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ, பிள்ளை, அவனுக்கு அங்கை கைகால் குளிருமே எண்டு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குளிரட்டும், விறைச்சுச் சாகட்டும் எண்டு சொன்னனான்." அதைச் சொல்லிவிட்டுத்தான் அவ அழுதா. பியற்றிசும் அழுதாள். நான் எந்த முகத்தோடு அழுகிறது?

போகும்போது வாசலில் நின்று கேட்டா. "அவன்ரை பேர் இந்த ஊரிலை எங்கையாவது இருக்கே? ஒரு கல்லிலை, ஒரு காகிதத்திலை?"

கரிப்பாலத்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். அதில் என் பெயர் இருப்பதையும் சொன்னேன்.

"அப்ப மாத்துங்கோ" என்றா. "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். நான் மார்கழியிலை திரும்பிறன். அதுக்கு முதல் நான் அவன்ரை பேரைத் தொடோணும்."

அவ போன பிறகு பியற்றிஸ் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள். "இஞ்சேருங்கோ, பாஸ்போட்டைப் பறிப்பாங்கள். இந்த வயசிலை சிறைக்குப் போகப் போறீங்களே? பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?" என்றாள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். "அப்ப விடட்டே?" என்று கேட்டேன். அவள் மீன் சட்டியை அடுப்பில் வைத்தாள், அடுப்பை மூட்ட மறந்து அப்படியே நின்றாள். "வந்திட்டுப் போன பிள்ளைக்கு நான் ஒரு சோறுகூடக் குடுக்கேல்லை" என்றாள். அதுதான் அவள் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கலாவதியைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே பாஸ்கரனுக்கு ஒரு தகரக் கொட்டில் அலுவலகம். கலாவதி உள்ளே வர மறுத்துவிட்டா. வெளியே மரவாங்கில் குந்தி, பையை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தபடி இருந்தா.

"பலகையிலை பேர் பிழை, தம்பி. செத்தவன்ரை பேர் ரதீசன்."

பாஸ்கரன் கணினியில் தேடினார். "இல்ல சார். மரண விசாரணைப் பதிவு, அந்தக் காலத்துப் பேப்பர், ரெண்டுலயும் ஆனந்தராஜான்னுதான் இருக்கு. ஆதாரம் இல்லாம மாத்த முடியாதே."

"ஆதாரம் இருக்கு. ஆனந்தராஜா நான்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். நான் கதையைச் சொன்னேன், திரும்பவும் சொல்வது சுகமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். கேட்டு முடித்து எழுந்து கதவைச் சாத்தினார்.

"சார், இத எழுத்துல குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பியே ஆகணும். அது எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். பேரையே எடுத்துடறேன். 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டுடலாம். தப்பான பேரும் இல்ல, உங்களுக்கும் பிரச்சினை இல்ல. நான் எதையும் கேக்கல, நீங்க எதையும் சொல்லல."

நல்ல மனுசன். உண்மையாகவே நல்ல மனுசன். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். ஓம் என்று சொல்ல வாய் உன்னிவிட்டது. யன்னலால் பார்த்தேன். கலாவதி வாங்கிலிருந்து எழும்பி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சரித்து, பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடி எண்ணுகிறமாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா. அண்ணன் எந்த இடத்தில் விழுந்தான் என்று நான் அவவுக்கு இன்னும் காட்டவில்லை.

"தாளைத் தாருங்கோ" என்றேன்.

எழுதி முடித்துக் கையெழுத்து வைக்கப் போனால் கை ரதீசன் என்றே போட்டது. தாளைக் கிழித்தேன். இரண்டாம் தடவையும் அதே சனியன். என் சொந்தக் கையெழுத்து எப்படி இருந்தது என்று எனக்கு மறந்துவிட்டது. கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். பாஸ்கரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை நீங்கள் நினைக்கிறபடிதான். கவுன்சில் என் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. உள்துறையிலிருந்து கடிதம் வந்தது. நீ யார் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள், சட்டத்தரணி பதில் எழுதுகிறார், முடிவு இன்னும் வரவில்லை. பியற்றிஸ் தன் சொந்தப் பெயரில் குடியுரிமை எடுத்தபடியால் பிள்ளைகளின் குடியுரிமைக்கு ஆபத்தில்லையாம். மகன் இங்கிலீசில் கத்திவிட்டுப் போனவன், ஆறு கிழமையாய் வீட்டுக்கு வரவில்லை. மகள் கத்தவில்லை. "அப்ப எங்கடை பேர் ஆரின்ரை பேரப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். முன்பல்லையும் சொன்னேன்.

கார்த்திகையில் பாரந்தூக்கி வந்து கரிப்பாலத்தை மூன்று துண்டாகத் தூக்கிப் படகில் வைத்துக்கொண்டு போனது. ஆறு வெறுமையாகக் கிடந்தது. மார்கழி முதல் கிழமை, ஒரு சட்டத்தைக் கரையில் நட்டுப் பலகையை வைத்தார்கள். கவுன்சில் ஆட்கள் நாலு பேர், பாஸ்கரன், நாங்கள் மூன்று பேர். தலையைப் பிளக்கிற குளிர். அவர்கள் கைதட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கக் கொட்டிலுக்குள் ஓடிவிட்டார்கள்.

கலாவதி பலகைக்குக் கிட்டப் போனா. மற்ற வரிகளை வாசிக்கவில்லை. 1988ஐத் தேடிப் பிடித்தா. "ரதீசன், வயது 22, அளவெட்டி, யாழ்ப்பாணம். வேலைக்குச் செல்லும் வழியில் இந்தப் பாலத்தில் இறந்தார்." இதற்குக் கீழே தமிழிலும் அவன் பெயரை வெட்டியிருந்தார்கள், பாஸ்கரன் யாரையும் கேட்காமல் செய்த வேலை. கலாவதி வெறும் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினா. உலோகம் எப்படிக் குளிர்ந்திருக்கும்! விரல் நுனி சிவந்துவிட்டது. பியற்றிஸ் தன் கையுறையைக் கழற்றி நீட்டினாள், "போடுங்கோ தங்கச்சி, கை விறைச்சுப் போகும்" என்றாள்.

நான் ரதீசனுக்குச் சொன்ன அதே சொல்.  இனியும் விழுங்கினால் அது என்னோடுதான் எரியும் என்று தெரிந்துவிட்டது.

"கலாவதி, இன்னும் ஒண்டு இருக்கு. நான் சொல்லேல்லை" என்றேன். இரும்பில் வெறுங்கை வைத்துப் பார்க்கிற வழக்கத்தைச் சொன்னேன். அன்று கொட்டின பனியைச் சொன்னேன். கையுறையைச் சொன்னேன். கழற்றாதே என்று சொன்னதைச் சொன்னேன். அடையாளம் காட்டப் போனபோது இரண்டு கையிலும் அவை இருந்ததைச் சொன்னேன். "நான் அதைக் குடுக்காட்டி அவனுக்கு ரயில் வாறது தெரிஞ்சிருக்கும். நான்தான்..." என்றேன். 

அவ என்னை அடிப்பா என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவ பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அது தடிப்பான கையுறையே?"

"ஓம். தோல். உள்ளுக்குக் கம்பளி வைச்சது. புதுசு."

"அப்ப அவனுக்குக் கை குளிரேல்லை" என்றா. "என்ன அண்ணை? குளிரேல்லைத்தானே?"

"இல்லைத் தங்கச்சி" என்றேன். "அவனுக்குக் குளிரேல்லை."